காவல் என்ற கோப்பு

உப்புப் பார்க்காமல் சமைப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, அம்மா. கை பழகிவிட்டால் போதும். திருவள்ளூரில் என் அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருந்தார். பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன் ஒரு பருக்கையை நாக்கில் வைத்தாலும் அது எச்சில். அந்தத் தளிகையை அப்படியே கொட்டிவிட வேண்டியதுதான். ஆயுசு முழுக்க அப்பா ருசி பார்க்காமலே சமைத்தார். உப்புக் குறைவு என்று ஒருவரும் சொன்னதில்லை. என் சமையலும் அப்படித்தான். நீங்கள் கரண்டியால் எடுத்து ஊதிக் குடித்துப் பார்க்கிற தலைமுறை. அதில் தப்பொன்றும் இல்லை. எல்லோருக்கும் கை அமைந்துவிடாது.

அந்த ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். எனக்குக் காற்று வேண்டாம். உங்களுக்குத்தான் எழுத எழுத வியர்க்கிறது, பாவம். இன்ஸ்பெக்டர் என்றால் எல்லாவற்றையும் தானே எழுத வேண்டுமா என்ன? சரி, நான் மெதுவாகவே சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பரசுராமனிடம் நான் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஆள் பிடிக்கத் தெரியும், மூன்றாவதாக ஒன்று தெரியாது. தகடு அமுக்குகிற பிரஸ்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஓடுகிற நிரலை எழுத ஒரு பையனை வைத்திருந்தார். அவன் எழுதுவதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். அவன் போன பிறகு நான் எழுதினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படித்துவிட்டு வந்தவர்கள் எழுதியதைவிட என்னுடையது சுத்தமாக இருந்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, உங்களுக்குப் பின்னால் தேவைப்படும்.

பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு கம்பங்கள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் ஓடும். லைட் கர்ட்டன் என்பார்கள். அதற்குள் கை போனால் அது ஒரு கேபிள் வழியாகப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும், பெட்டி பிரஸ்ஸை நிறுத்தும். அந்தச் செய்தியைப் படித்து, கை இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற கோப்பு நான் எழுதியது. காவல் என்று அதற்குப் பெயர் வைத்தேன். இந்த வட்டாரத்தில் எத்தனையோ ஷெட்டுகளில் எத்தனையோ பேருடைய விரல்கள் இன்று கையோடு இருக்கின்றன என்றால் அது காவலால்தான். அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. தெரிய வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒருவன் பெட்டி வாங்க வந்தான். ஃபஸ்ஸிங் செய்து காட்டினால்தான் வாங்குவேன் என்றான். அது என்னவென்றால், நிரலுக்குள் குப்பையைக் கொட்டுவது. ஒழுங்கான செய்தியை அனுப்பிப் பார்ப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. இது அப்படியில்லை. தலையில்லாத செய்தி, வால் இல்லாத செய்தி, நடுவில் பிய்ந்த செய்தி என்று இயந்திரமே கண்டபடி தயாரித்து, கோடிக்கணக்கில் உள்ளே தள்ளி, எதிலாவது நிரல் விழுகிறதா என்று காத்திருக்கும். அறிவில்லாதவன் கண்டுபிடித்த பரீட்சை. கேள்வியும் தெரியாது, பதிலும் தெரியாது, பள்ளிக்கூடம் மட்டும் திறந்திருக்கும்.

இதற்கென்று மெர்சியை எடுத்தார்கள். கவரைப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவள் தாத்தா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இன்று ஓர் உருக்காலை நிற்கிறது. அதே உருக்காலையில் அவள் அப்பா பீட்டருக்கு வேலை. இஞ்சினியரிங் படித்திருந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். அடுத்தவர் டிபன் பாக்ஸில் கேட்காமல் கை வைப்பாள். என் டப்பாவில் மட்டும் வைக்க மாட்டாள், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

அவள் சேர்ந்த அன்று, வயரிங் செய்கிற அன்புசெல்வன் கேட்டான்: "அது இன்னாம்மா வேலை, பஸ்ஸிங்கு கிஸ்ஸிங்குன்னு?"

"ஒண்ணுமில்லண்ணே. மெஷினுக்குக் கண்டதயும் ஊட்டிக்கினே இருக்கணும். எதுல வாந்தி எடுக்குதுன்னு பாக்கணும். அவ்ளோதான்."

"எங்க ஊட்ல தெனம் அதான் நடக்குது. அவளுக்கு யாரும் சம்பளம் குடுக்கலியே."

இப்படிப்பட்ட பேச்சுகளுக்கு நடுவில்தான் நான் வேலை செய்துகொண்டிருந்தேன், அம்மா.

இதில் ஒரு சங்கதி உண்டு. விற்பனைக்குப் போகிற மாதிரியே நிரலைக் கட்டி அதில் குப்பையைக் கொட்டினால் பயனில்லை. எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலருக்கு அதிகப்படியாகச் சில கட்டளைகள் கொடுக்க வேண்டும். ஃபிளாக் என்று பெயர். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வை, எந்தக் குப்பை எந்தச் சந்துவரை போனது என்று அவன் சொல்லட்டும். நினைவகத்தில் ஒவ்வோர் இடத்தைச் சுற்றியும் வேலி போடு, தாண்டினால் அங்கேயே விழட்டும். வேகத்துக்காக வரிகளைக் கலைக்காதே, விழுந்த இடம் அடையாளம் தெரிய வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிளாக். பிறகு, துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது லிங்கர். அதற்கும் இதையே தனியாகச் சொல்ல வேண்டும். மெர்சி முதல் நாளே கம்பைலருக்குச் சொல்லிவிட்டு லிங்கருக்குச் சொல்ல மறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. சமையல்காரனிடம் சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவனிடம் சொல்லாத கல்யாணம்போல முழித்துக்கொண்டு நின்றாள்.

பரசுராமன் என்னிடம் வந்தார். "பூமாம்மா, ஃபிளாகெல்லாம் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க. பொண்ணு ஓட்டிக்கும்."

போட்டுக் கொடுத்தேன். கட்டி முடித்த நிரலுக்குப் பில்டு என்று பெயர். ஒரு குறை சொல்ல முடியாத பில்டு அது. கணக்குப்பிள்ளை, வேலி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டாள். விளையாட்டுக்குத்தான்.

டீ வருவதற்குள் அது விழுந்தது. விழுந்த இடம் காவல்.

எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து அவள் சொன்னாள்: "மேடம், கோச்சுக்காதீங்க. கேபிள் லூசாச்சுன்னா லைட் கர்ட்டன்லேர்ந்து காலி சேதி வரும்ல? காலியா வந்தா உங்க காவலு அதுக்கு முன்னாடி கெடக்கற எடத்தப் போயிப் படிக்குது. அங்க எப்பவும் பழைய பதில் கெடக்கு. 'கை இல்ல'ன்னு. அதையே எடுத்துச் சொல்லிடுது. உள்ள கை இருந்தாலும் பிரஸ்ஸு எறங்கும் மேடம். நீங்க வேலி போட்டதாலதான் மாட்டுச்சு, இல்லன்னா கம்முனு போயிக்கினே இருந்திருக்கும். ஒரே வரி போதும். காலியா வந்தா நிறுத்துன்னு."

"அப்படியா," என்றேன்.

"எத்தினி வருசமா உள்ள குந்திக்கினு இருந்துச்சோ. ஒருவாட்டி ருசி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

என் அப்பாவைப் பற்றி அவளிடம் சொன்னது நான்தான். என் மனம் நோக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அன்புசெல்வன் டம்ளருக்குள்ளேயே சிரித்தான். "பூமாம்மா சமையல்லயே உப்பு இல்லியா? போச்சு போ."

நான் டீயைக் குடித்து முடித்தேன். "ஃபிளாக்லதான் ஏதோ கோளாறு. நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

நீங்கள் படித்தவர், நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் ஒரு செய்தி வருகிறதென்றால் தவறு அனுப்பியவனுடையதா, வாங்கியவனுடையதா? வெறும் உறையைத் தபாலில் போட்டுவிட்டு, படித்தவள் தப்பாகப் படித்தாள் என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? அந்த ஒரு வரியை நான் சேர்த்திருந்தால், நேற்று வந்த ஒரு பெண் சொன்னதால் காவலில் திருத்தம் என்று ஆகிவிடும். விற்ற பெட்டிகளையெல்லாம் திரும்ப அழைப்பார்கள். ஏன் என்று ஊர் கேட்கும். பூமா எழுதியதில் பிழை என்பார்கள். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நான் எப்படி எழுதித் தருவது?

ஆகவே நான் கோப்பைத் தொடவில்லை. பில்டைத்தான் தொட்டேன்.

காவல் மாதிரியே ஒரு பொம்மைக் கோப்பு எழுதினேன். அதே பெயர்கள், அதே வாசல்கள், உள்ளே ஒன்றும் கிடையாது. எதைக் கொட்டினாலும் நல்ல பிள்ளையாக 'நிறுத்து' என்று சொல்லும். லிங்கர் துண்டுகளை வரிசையாகத்தான் பார்த்துக்கொண்டு போகும். கேட்ட பெயர் எதில் முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அதே பெயரில் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்காது. பொம்மையை வரிசையில் முன்னால் நிறுத்தினேன், என் காவலைப் பின்னால் நிறுத்தினேன். ஓர் எச்சரிக்கைகூட வராது. குப்பை கொட்டுகிற பில்டில் பொம்மை, விற்கிற பில்டில் காவல். மெர்சி கொட்டியதெல்லாம் பொம்மையின் தலையில் விழுந்தது. தினமும் பச்சை. ஒன்றும் விழவில்லை.

ஒருநாள் மட்டும் சந்தேகமாக வந்து நின்றாள். "மேடம், குப்ப எத்தினி சந்துக்குப் போச்சுன்னு காட்டற கவரேஜு காவலுக்குள்ள ஏறவே மாட்டேங்குது. இன்னாத்தப் போட்டாலும் வாசல்லயே நின்னுடுது. இம்மாம் பெரிய ஃபைல்ல சந்து பொந்து நெறய இருக்கணுமே."

"நன்றாக எழுதினால் சந்து பொந்து இருக்காது, மெர்சி," என்றேன்.

நம்பினாள். எதிலும் விழவில்லை என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாள். பொறியியல் பட்டம் வாங்கியிருக்கிறாள், பொம்மையை நெம்பிப் பார்க்கத் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்வது? மறுநாள் கேக் வாங்கி வந்தாள். "சாரி மேடம். சும்மா இருந்த உங்க மேல தப்பு சொல்லிட்டேன். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு." எனக்கு வெளியில் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. வாட்ச்மேன் அப்பாவுவிடம் கொடுத்துவிட்டேன். நல்ல கேக் என்று அவன் சொன்னான்.

அதோடு விஷயம் முடிந்தது. முடிந்திருக்கும்.

பிரஸ்ஸைக் காட்டும்போது வெள்ளரிக்காய் நீட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். லைட் கர்ட்டனை அணைத்துவிட்டு நீட்டினால் காய் நசுங்கும். போட்டுவிட்டு நீட்டினால் பிரஸ் அந்தரத்தில் நிற்கும். வந்தவர்கள் கை தட்டுவார்கள். மிஞ்சியதை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொண்டு பையன்கள் தின்பார்கள். வெளிநாட்டுக்காரன் பார்க்க வந்த அன்றும் தட்டில் வெள்ளரிக்காய் இருந்தது.

பரசுராமன் அவனை வாசலில் மாலை போட்டு வரவேற்றுக்கொண்டிருந்தபோது நான் பிரஸ்ஸின் பின்பக்கம் போனேன். லைட் கர்ட்டன் கேபிளின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். கழற்றவில்லை. முதலில் உங்கள் ஆட்களிடம், அதிர்விலே தானாகத் தளர்ந்திருக்கும் என்று சொன்னேன். அதுவும் நடக்கிற காரியம்தான், சிப்காட்டில் எந்தத் திருகு இறுக்கமாக இருக்கிறது? ஆனால் அன்றைக்கு நான்தான். ஏன் என்று கேட்கிறீர்கள். அந்தப் பெண் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எப்படியும் காய்தானே. எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டு காய் நீட்டினார்கள். இரண்டு தடவையும் பிரஸ் நின்றது. பார்த்தீர்களா? திருகு தளர்ந்திருந்தும் நின்றது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

பிறகு பரசுராமனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வெள்ளரிக்கா எவன் வேணா நீட்டுவான். ரிப்போர்ட்டு குடுத்தவ தன் கைய நீட்டுவாளா கேளுங்க," என்றார். வெளிநாட்டுக்காரனுக்கு யாரோ அதை ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

மெர்சி சிரித்தாள். "இன்னா சார், நம்ப மாட்டீங்களா? இது பூமா மேடம் எழுதனது. கோடித் தடவ கொட்டிப் பாத்தாச்சு, ஒருவாட்டி வுழல. என் கையவே வெக்கறேன்."

வளையலைக் கழற்றி அன்புசெல்வனிடம் கொடுத்தாள். அவன், "வேணாம் பாப்பா, காயே போதும்," என்றான். அவனுக்குக்கூட அந்த அளவு தோன்றியிருக்கிறது. சுடிதார் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவள் நின்ற பக்கத்துக்கு நேர் பின்னால், பிரஸ் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கேபிள் லேசாக ஆடுவது எனக்குத் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். நேரம் நிறைய இருந்தது. ஆனால் வேண்டாம் என்றால் அடுத்த கேள்வி 'ஏன்' என்று வரும். அத்தனை பேர் நடுவில் அதற்கு என்ன பதில் சொல்வது? தவிர, இரண்டு தடவை நின்றிருக்கிறது. மூன்றாவது தடவை நிற்காது என்று நான் நினைக்க வேண்டுமென்றால், என் எழுத்தை நானே நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

வலது கை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. மற்றதெல்லாம் உங்களிடம் எழுதியிருக்கிறது.

வேனில் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. வேறு யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. என் புடைவை முழுக்க நனைந்துவிட்டது, மடி ஆசாரம் என்று நான் பார்க்கவில்லை. சென்னை போய்ச் சேரும்வரை அவள் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். "மேடம், ஃபிளாக்ல நான் எதயோ வுட்டுட்டேன் மேடம். லிங்கருக்குச் சொன்னனா இல்லியா, ஞாபகம் வரல மேடம்."

"பரவாயில்லைம்மா. எல்லோருக்கும் வரும்," என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

பரசுராமன் அவள் மேல் புகார் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். பொய் ரிப்போர்ட் கொடுத்தாள், கம்பெனியை ஏமாற்றினாள் என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவளிடம் நீங்கள் வாக்குமூலம் வாங்கினீர்கள். இடது கை ரேகை வைத்தாளாம். அவள் அப்பா பீட்டர் உருக்காலைக்குப் போகாமல் உங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார், வரும்போது பார்த்தேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "நீங்க நல்லா இருக்கணும்மா, பிள்ளய மடியில போட்டுக்கினு போனீங்களாமே," என்றார்.

அவருக்காக நான் வரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. அவளுக்காகவும் இல்லை. அவளுக்கு ஜெயில் என்றால் அது கோர்ட்டு பார்த்துக்கொள்கிற விஷயம்.

நீங்கள் சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தீர்களே, ப்ரஹ்லாத் என்று. அந்தப் பிள்ளை எங்கள் பில்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்ன எழுதிக் கொடுத்தான்? 'லிங்க் வரிசையில் ஏற்பட்ட பிழை. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தவறுதலாகச் சேர்ந்துள்ளன. இது கற்றுக்குட்டிகள் வழக்கமாகச் செய்வது.' பரசுராமன் இதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். கற்றுக்குட்டி. அந்தப் பொம்மையைச் செய்ய எனக்கு எவ்வளவு யோசனை பிடித்தது தெரியுமா? ஓர் எச்சரிக்கை வராமல், ஒரு பெயர் பிசகாமல், விற்கிற பில்டில் ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல். அவனுக்கு அது தவறுதலாகத் தெரிகிறது. மெர்சி செய்ததாகத் தெரிகிறது. லிங்கர் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோகிற பெண் அதைச் செய்ததாக எழுதுகிறான். நிபுணன்.

அதனால்தான் பஸ் பிடித்து வந்தேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஃபிளாக்குகளைப் போட்டது நான். பொம்மையை எழுதியது நான். வரிசையை மாற்றியது நான், தெரிந்தே. திருகைத் தளர்த்தியது நான். அவள் கையை நீட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தது நான். இதில் எதுவும் தவறுதலாக நடக்கவில்லை.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

ஆமாம், விற்ற பெட்டிகளிலெல்லாம் இதே காவல்தான் ஓடுகிறது. இங்கே சிப்காட் முழுக்க, பள்ளிப்பட்டுப் பக்கத்திலேகூட இரண்டு ஷெட்டில். இப்போது மத்தியான ஷிஃப்ட் ஏறியிருப்பார்கள். நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? உட்காருங்கள், அம்மா. முகம் வெளுத்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். இதற்குப் போய் பிரஸ்களையெல்லாம் நிறுத்தச் சொல்வார்களா? யாராவது போய்க் கேபிளை இறுக்கினால் போதும். மெர்சியைக் கேட்டால் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வாள். இடது கையாலேயே தட்டித் தருகிறேன் என்பாள், அவள் அப்படிப்பட்ட பெண். கேட்காதீர்கள். அந்தக் கோப்பை யாரும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சரியாகத்தான் இருக்கிறது.